ஊர் கூடி ஒரு மொசைக் சுவர்: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

உடைந்த டைல் சில்லுகளைப் பத்துப் பேர் சேர்ந்து ஒட்டினால் மனசு லேசாகும், அக்கம்பக்கத்தோடு பழக்கம் வரும் என்று கேள்விப்பட்டு இதில் இறங்க நினைக்கிறீர்களா? நடக்கும். ஆனால் சில்லுகளை வாங்கிக் குவித்தால் மட்டும் நடக்காது. நானும் ஒரு குழுவும் ஒரு பொதுச் சுவரை முடிப்பதற்குள், ஒட்டும் வேலையில் பட்ட பாட்டைவிட அனுமதிக்கும் கணக்குக்கும் அலைந்த பாடுதான் அதிகம். எது முதலில், எது அப்புறம், எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்தப் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

இதெல்லாம் மனநலத்துக்கு உண்மையிலேயே உதவுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், குறிப்பாகப் பணம் தருகிறவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019இல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகளில் ஈடுபடுவது உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் பல வகையில் துணை செய்கிறது என்றது. பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. மொசைக்குக்கென்று தனியாகக் கொடுத்த சான்றிதழ் இல்லை. விண்ணப்பத்தில் எழுதும்போது அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருப்பவர் அதை விட்டுவிட்டு இங்கே வரக் கூடாது, சிகிச்சையோடு வரட்டும்.

மொசைக்கின் வசதி வேறு. வரையத் தெரியாதவரும் செய்யலாம். கை வேலையாக இருப்பதால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். பாதியில் எழுந்து போனாலும் வேலை கெடாது.

1. சுவருக்கு முன்னால் ஆட்கள்

பெரும்பாலானோர் முதலில் சுவரைப் பிடிக்கிறார்கள், பிறகு ஓவியரைப் பிடிக்கிறார்கள், எல்லாம் முடிவான பிறகு "வந்து ஒட்டுங்கள்" என்று ஊரைக் கூப்பிடுகிறார்கள். வருகிறவர்கள் கூலியில்லாத வேலையாட்களாக ஆகிவிடுகிறார்கள். இரண்டு வாரம் வருவார்கள், மூன்றாம் வாரம் வர மாட்டார்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை நிலையாக வரக்கூடிய ஒரு குழு போதும். அதில் ஒருவருக்கு டைல் வேலை தெரிந்திருக்க வேண்டும். மொசைக் கலைஞர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள டைல் கொத்தனார். இன்னொருவர் கணக்கு எழுதுபவர். மூன்றாவது ஒருவர் அவசியம் வேண்டும், அவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: வராதவர்களுக்குப் போன் செய்து "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பவர். இந்த மூன்றையும் ஒருவரே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் அவருடைய மனநலம்தான் முதலில் போகும்.

2. சுவரைத் தட்டிப் பாருங்கள்

விரல் கணுவால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சானால் 28 நாள் ஆறவிடுவது பாதுகாப்பு. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். பெயின்ட் மேல் ஒட்டினால் பசை பெயின்டைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. அதனால் பெயின்டைச் சுரண்டியே ஆக வேண்டும்.

எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண டைல், பசை, கிரவுட் (சில்லுகளின் இடைவெளியை நிரப்பும் கலவை) எல்லாம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 முதல் 25 கிலோ வரும். செங்கல், கான்கிரீட் சுவர் தாங்கும். மெல்லிய தடுப்புச் சுவரென்றால் கட்டட வேலை தெரிந்தவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

முதல் வேலைக்கு 2 அல்லது 3 சதுர மீட்டருக்கு மேல் போகாதீர்கள். சுவரே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. சிமெண்ட் போர்டில் செய்து பிறகு மாட்டலாம், இடம் மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம். வெளியில் வைப்பதற்குப் பிளைவுட் ஆகாது, மழையில் உப்பிவிடும்.

3. காகித வேலை

இதற்குத்தான் அதிக நாள் போகும். ஒட்டத் தொடங்க நினைக்கும் நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

முதலாவது, உரிமையாளரின் எழுத்து அனுமதி. குடியிருப்பவர் "தாராளமா பண்ணுங்க" என்பது அனுமதி ஆகாது. கட்டடம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும். கடிதத்தில் சுவரின் அளவு, வரைபடம், பொருட்கள், எடை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை, எத்தனை ஆண்டு அங்கே இருக்கும், பிறகு அகற்ற வேண்டுமென்றால் யார் செலவு என்பதெல்லாம் இருக்கட்டும். கடைசி இரண்டும் இல்லாத கடிதங்கள்தான் பின்னால் சண்டையாகின்றன.

இரண்டாவது, சுவர் தெருவைப் பார்த்திருந்தால் உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல். எங்களுக்கு ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சரி என்றார்கள். சொன்னவர் மாற்றலாகிப் போனதும் கோப்பே இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மனு கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கிவிட்டுத்தான் திரும்புங்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால் வேறு சுவர் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, வடிவத்தின் உரிமை. ஒருவர் வரைந்து கொடுத்தால், அதை மாற்றலாமா, படம் எடுத்து அச்சிடலாமா, யார் பெயர் போட வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படைப்பாளர் உரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், உரிமையை விற்றுவிட்டாலும் படைத்தவர் தன் பெயரைக் கோரவும் தன் பெயருக்குக் களங்கம் வரும் சிதைப்பை எதிர்க்கவும் உரிமை உண்டு. இணையத்தில் கண்ட படத்தை எடுத்து அப்படியே செய்வது வம்பை விலைக்கு வாங்குவது.

நான்காவது, ஒப்புதல் படிவங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. புகைப்படத்துக்கு எல்லோரிடமும் தனி ஒப்புதல். மனநலக் குழுக்கள், முதியோர் இல்லங்களிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் புகைப்படத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். முகம் தெரிவதில் சிலருக்கு விருப்பம் இருக்காது, அதைச் சபையில் சொல்லவும் கூச்சப்படுவார்கள். கைகளை மட்டும் படம் எடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

இவற்றோடு விபத்துக் காப்பீடு. நீங்கள் கூடும் அரங்கத்துக்கு ஏற்கெனவே காப்பீடு இருந்தால் உங்கள் நிகழ்ச்சியும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

4. எவ்வளவு சில்லு, எவ்வளவு பசை, எவ்வளவு நேரம்

2 சென்டிமீட்டர் சில்லுகளை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2000 சில்லு. வெட்டும்போது வீணாவதற்காக 15 முதல் 20 சதவீதம் கூட்டி வாங்குங்கள். பசைப் பொடி ஒரு சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 கிலோ.

கிரவுட்டில்தான் எல்லோரும் ஏமாறுவது. பையின் மேல் "இத்தனை கிலோவுக்கு இத்தனை சதுர மீட்டர்" என்று போட்டிருப்பது பெரிய டைல்களுக்கான கணக்கு. 6 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் டைலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்கூட ஆகாது. அதே இடத்தில் 2 சென்டிமீட்டர் சில்லு வைத்தால் ஏறக்குறைய 3 கிலோ. பதினைந்து மடங்கு! ஒழுங்கில்லாமல் உடைத்த சில்லென்றால் இடைவெளி அகலும், இன்னும் கூடும். வேலை நடுவில் கிரவுட் தீர்ந்து, வேறு நாள் தயாரான பையை வாங்கினால் நிறம் லேசாக மாறும். சுவரில் அது கோடு போட்ட மாதிரி தெரியும். மொத்தத்தையும் ஒரே தடவையில், பையிலுள்ள தயாரிப்பு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

டைல் கடைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் உடைந்த டைல் சும்மாவே கிடைக்கும். அதை நம்பிச் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். சில்லு வெட்டும் கொறடுகள், பாதுகாப்புக் கண்ணாடிகள், கையுறை, பசை, கிரவுட், அரங்க வாடகை, கொத்தனார் கூலி எல்லாம் அப்படியே இருக்கும். கலைஞரை அழைத்தால் அவருக்குரிய ஊதியத்தை முதல் வரியில் எழுதுங்கள். "சமூக சேவைதானே" என்று இழுப்பது நியாயமில்லை. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள்.

பணம் திரட்ட ஒரு நல்ல வழியைச் சான் பிரான்சிஸ்கோவின் 16ஆவது அவென்யூ படிக்கட்டில் பார்க்கலாம். 2005இல் முடிந்த அந்த 163 படி மொசைக்கில், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கைவினை டைலுக்குப் பணம் கொடுத்தார்கள். மீனும் பறவையுமாக அந்த டைல்கள் வடிவத்துக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. பணம் தந்தவர் பெயரைத் தனிப் பலகையில் எழுதுவதைவிட இது எவ்வளவோ அழகு.

நேரத்துக்கு என் கணக்கு இது: புதியவர் ஒருவர் ஒரு சதுர அடியை நிரப்ப மூன்று மணி நேரம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 30 மணி நேரத்துக்கு மேல். 3 சதுர மீட்டரென்றால் கிட்டத்தட்ட 100 மணி நேரம். பத்துப் பேர் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து வாரம். யாராவது வராமல் போவார்கள், ஆறேழு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. வடிவம்

பெரிய உருவங்கள், குறைவான விவரம். எழுத்து வேண்டாம், சில்லில் எழுத்து அமைவது தேர்ந்த கைக்கே சிரமம். பொது எல்லைக்கோடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் இலை, ஒரு மீன் என்று விட்டுவிடலாம். அந்த இலைக்குள் அவர் என்ன செய்தாலும் சரி. நிறத்தை மட்டும் நான்கைந்துக்குள் கட்டுப்படுத்தினால் போதும், முழுசும் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு நடத்த ஆரம்பித்தால் இருக்கிற நட்பும் போய்விடும்.

வடிவத்தை முழு அளவில் தாளில் வரைந்து, 30 முதல் 40 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். நேர்கோட்டில் பிரிக்காமல் உருவங்களின் ஓரத்தை ஒட்டி வளைத்துப் பிரித்தால் பிறகு இணைப்புத் தெரியாது. பிரிக்கும் முன் ஒரு புகைப்படம்.

6. எந்த முறை?

நேராகச் சுவரில் ஒட்டலாம். ஆனால் எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும், முதியவர்களுக்கு இடமில்லை. தாளில் முகம் கவிழ்த்து ஒட்டும் முறையில் மேற்பரப்பு சமமாக வரும். ஆனால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும், அதோடு பெரும்பாலான டைல்களின் முதுகு ஒரே நிறம். தான் செய்வது என்னவென்றே கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார யாருக்கு மனசு வரும்?

குழுவேலைக்கு வலை முறைதான் தோது. மேசையில் வரைபடம், அதன் மேல் கண்ணாடித் தாள் (அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாள்), அதன் மேல் கண்ணாடி இழை வலை. வலையில் சில்லுகளை நேராகவே ஒட்டலாம். கண்ணாடித் தாளை மறந்தால் வரைபடமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கவனிக்க வேண்டியது பசை. சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும், அதை உட்புறச் சுவரோடு நிறுத்துங்கள். வெளியில் வைப்பதென்றால் வலையில் ஒட்டவும் ஈரம் தாங்கும் பசைதான். பனி உறையும் இடமானால் டைலும் நீர் உறிஞ்சாத வகையாக இருக்க வேண்டும், உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குக் குறைவானது. உள்ளே போன நீர் உறைந்து பெருத்தால் மேல்பூச்சு பெயர்ந்துவிடும்.

7. மேசையை அமைப்பது

ஓர் அரங்கில் மூன்று வகை மேசை போடுங்கள்: பிரிக்க, வெட்ட, ஒட்ட. வெட்டும் மேசை தள்ளி இருக்கட்டும். ஒட்டும் மேசைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் இரண்டு அரட்டைகளாகப் பிரிந்து நடுவில் இருப்பவர் தனியாகிவிடுவார். சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் ஒரு மேசையாவது வேண்டும். கிழமையையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். தனிமையில் இருப்பவருக்கு "செவ்வாய்க்கிழமை போக ஓர் இடம் இருக்கிறது" என்பதே பெரிய பிடிமானம்.

பிரிக்கும் மேசையை யாரும் மதிப்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்குக் கை நடுங்கும், கொறடு பிடிக்க முடியாது. "நான் சும்மா பார்க்கிறேன்" என்று ஓரமாக உட்கார்ந்தார். நீலச் சில்லெல்லாம் ஒரே வாளியில் கிடந்தது. அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெளிர் நீலம், மயில் நீலம், மை நீலம் என்று தட்டுகளில் பிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் "தாத்தா, மீன் வாலுக்கு எது?" என்று சிறுவர்கள் அவரிடம்தான் போய் நின்றார்கள். அவரும் உடனே கொடுக்க மாட்டார். இரண்டு தட்டை நீட்டி, "நீயே சொல்லு" என்பார்.

முதல் நாளே பெரிய வடிவத்தில் கை வைக்கவிடாமல், உள்ளங்கை அளவு பலகை ஒன்றை ஆளுக்குக் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். பயம் தெளிய அதுவே போதும்.

இனி ஒரு கண்டிப்பான விதி. ஒருவர் ஒட்டியதை அவர் போன பிறகு பிரித்துச் "சரிசெய்ய" வேண்டாம். நேர்த்தி தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். மறுவாரம் அவர் வந்ததும் முதலில் தன் சில்லுகளைத்தான் தேடுவார். விழுந்துவிடக்கூடிய சில்லு, கூர்மையான ஓரம் இவற்றை மட்டும் அவர் முன்னாலேயே சொல்லித் திருத்துங்கள். கோணலாக இருப்பதெல்லாம் கிரவுட் போட்டதும் பாதி மறைந்துவிடும்.

யாரையும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் தப்பில்லை.

8. கண், மூச்சு, தோல்

வெட்டுகிறவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். டைல் தூசியிலும் பசைப் பொடியிலும் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. பொடி கலக்கும்போது முகமூடி. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சிமெண்ட் கலவை காரத்தன்மை உள்ளது, வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும். சின்னக் குழந்தைகளிடம் கொறடு தர வேண்டாம். பசை, கிரவுட் கழுவிய தண்ணீரைக் குழாயடிச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு அடியில் நிற்பதைக் குப்பையில் போடுங்கள்.

9. சுவரில் ஏற்றும் நாளும் கிரவுட் நாளும்

இந்த இரண்டு நாளும் கொத்தனார் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் எல்லாத் துண்டையும் தரையில் எண்வாரியாக அடுக்கிச் சரிபாருங்கள். பசையைக் கலந்து, பையில் சொன்ன நேரம் ஆறவிட்டு மறுபடி கலக்குங்கள். இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் பிடிக்காது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே வழி. பல் வைத்த கரண்டியால் ஒரு துண்டுக்கு வேண்டிய இடம் மட்டும் பூசி, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். நேர் வெயில் அடிக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் கிரவுட். இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேலென்றால் மணல் கலந்த வகை, குறைவென்றால் மணலில்லாதது. வெள்ளை நிறம் வேண்டாம்: சில்லுகள் சிதறித் தெரியும், சீக்கிரம் அழுக்காகும். நடுத்தரச் சாம்பல் எதற்கும் பொருந்தும். முதல் நாள் செய்த உள்ளங்கைப் பலகையில் பூசிப் பார்த்து முடிவு செய்யலாம்.

கிரவுட் பூசியதும் முழுப் படமும் சேற்றில் மூழ்கியது போல் மறையும். பார்ப்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும், முன்பே சொல்லி வையுங்கள். 15 முதல் 30 நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் வட்டமாகத் துடைக்கத் துடைக்க நிறங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். இந்தத் துடைப்பை மட்டும் கொத்தனாரிடம் விடாதீர்கள். எல்லோர் கையிலும் ஒரு ஸ்பாஞ்சு கொடுங்கள். ஸ்பாஞ்சில் தண்ணீர் சொட்டினால் இடைவெளியில் உள்ள கிரவுட்டும் கரைந்து வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு படியும் வெள்ளைப் படலத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் போய்விடும். அடுத்த மூன்று நாள் லேசாக நீர் தெளித்து வையுங்கள். கை படும் உயரத்தில் கூர் முனை எதுவும் இருக்கிறதா என்று துணியால் தடவிப் பாருங்கள். துணி மாட்டினால் உரசுகல்லால் மழுக்க வேண்டும்.

10. முடிந்த பிறகு

பாதி குழுக்கள் கலைவது திறப்பு விழா அன்றுதான். கிரவுட் நாளிலேயே அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லிவிடுங்கள். இன்னொரு சுவர் வேண்டுமென்பதில்லை. பூந்தொட்டி, வீட்டு எண் பலகை என்று அதே செவ்வாய்க்கிழமை தொடர்ந்தால் போதும்.

ஒரு மூடியுள்ள டப்பாவில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கைப்பிடிச் சில்லு, எண் போட்ட வரைபடத்தின் நகல், பசை மற்றும் கிரவுட்டின் பெயரும் நிற எண்ணும், அனுமதிக் கடிதத்தின் நகல் எல்லாம் போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரைத் தட்டிப் பார்க்க இரண்டு பேரை நியமியுங்கள். ஒரு சில்லு விழுந்தால் அந்த வாரமே ஒட்டிவிட வேண்டும். விட்டால் அந்தப் பள்ளம் வழியாக நீர் இறங்கிப் பக்கத்துச் சில்லுகளையும் தளர்த்தும்.